விளைச்சல் விழுக்காடும் மூலக்கூறின் முழுமையும்: மருந்துக் காளான் பாலிசாக்கரைடு பிரித்தெடுப்பு குறித்த ஒரு மதிப்பீடு

இருநூறு கிலோ பச்சை ஷிடாக்கே காளானிலிருந்து 31 கிராம். தோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மைய ஆய்வு நிறுவனத்தில் கோரோ சிஹாராவும் அவருடைய குழுவினரும் 1960களின் இறுதியில் லெண்டினானைப் பிரித்தெடுத்தபோது கிடைத்தது இவ்வளவுதான். பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு நீர் என்று வைத்து உலர் எடைக்குக் கணக்கிட்டாலும் 0.16 விழுக்காட்டைத் தாண்டாது. அந்தப் பொருள்தான் 1985இல் ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய்ச் சிகிச்சையில் துணை மருந்தாக அனுமதி பெற்றது.

இன்றைய ஆய்விதழ்களைப் புரட்டினால் மருந்துக் காளான்களிலிருந்து ஐந்து விழுக்காடு, பத்து விழுக்காடு பாலிசாக்கரைடு எடுத்ததாக அறிவிக்கும் கட்டுரைகளைச் சாதாரணமாகப் பார்க்கலாம். மீயொலி, நுண்ணலை, நொதி, உயரழுத்த நீர் என்று புதிய உத்திகள் வந்துவிட்டன. சிஹாராவின் எண்ணோடு ஒப்பிட்டால் இது முப்பது முதல் அறுபது மடங்கு முன்னேற்றம். ஆனால் சிஹாரா எடுத்தது அமைப்பு தெரிந்த ஒரே ஒரு குளுக்கானை. பின்னவர்கள் எடுப்பது பெரும்பாலும் எத்தனாலில் வீழ்படியும் எல்லாவற்றையும். இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கும் பழக்கம்தான் இத்துறையின் அடிப்படைச் சிக்கல். பிரித்தெடுப்பை மேம்படுத்துவது என்றால் விழுக்காட்டைக் கூட்டுவது என்று பொருள் கொண்டுவிட்டோம். எந்த மூலக்கூறு, எவ்வளவு முழுமையாக, எதனோடு கலந்து வெளிவந்தது என்ற கேள்விகள் அதனால் பின்னுக்குப் போயின. இந்தக் கேள்விகளை முன்வைத்து, வழக்கிலுள்ள முறைகளை ஒவ்வொன்றாக மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதைப் பிரிக்கிறோம்?

காளானின் செல்சுவரில் தாவரங்களில் இருப்பதுபோல் செல்லுலோஸோ பெக்டினோ இல்லை. பூச்சிகளின் மேலோட்டில் உள்ள கைட்டின்தான் இங்கே கம்பி. அதைச் சுற்றி இறுகிய கான்கிரீட்டாக இருப்பவை பீட்டா குளுக்கான்கள். இரண்டும் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. ஒரு பகுதி வேதிப்பிணைப்பால் கோக்கப்பட்டிருக்கிறது. வெளிப்பக்கம் புரதமும் சர்க்கரையும் இணைந்த கிளைக்கோபுரதங்கள். செல்லுக்குள்ளே சேமிப்பு உணவாகக் கிளைக்கோஜன், டிரஹலோஸ், மானிட்டால்.

மருத்துவ ஆர்வம் குவிந்திருப்பது பீட்டா குளுக்கான்கள்மீது. குளுக்கோஸ் அலகுகள் ஒன்றின் முதல் கார்பனும் அடுத்ததன் மூன்றாம் கார்பனும் இணைந்து முதுகுச் சங்கிலியாக நீளும். ஆறாம் கார்பனிலிருந்து கிளைகள் பிரியும். லெண்டினானில் ஐந்து முதுகு அலகுகளுக்கு இரண்டு கிளைகள். சைசோஃபில்லம் கம்யூன் என்ற காளானின் சைசோஃபில்லானில் மூன்று அலகுகளுக்கு ஒரு கிளை. இத்தகைய சங்கிலிகள் மூன்று சேர்ந்து முறுக்கிக்கொண்டு மும்மைச் சுருளாக நிற்கும். லெண்டினானின் மூலக்கூறு எடை சில லட்சம் டால்டன். கிளைகளின் விகிதம், சங்கிலியின் நீளம், சுருளின் நிலை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ஒரு குளுக்கானை அடையாளப்படுத்துகின்றன. பிரித்தெடுப்பின்போது இவற்றில் ஒன்று மாறினாலும் கையில் கிடைப்பது வேறு பொருள்.

எல்லா மருந்துக் காளான் தயாரிப்புகளும் தூய குளுக்கான்கள் அல்ல. டிராமிடிஸ் வெர்சிகலர் காளானிலிருந்து வந்து 1977இல் ஜப்பானில் அனுமதி பெற்ற கிரெஸ்டினில் புரதம் சர்க்கரையோடு பிணைந்தே இருக்கிறது. எடையில் நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ புரதம். 1986இல் அனுமதி பெற்ற சைசோஃபில்லானைப் பெறக் காளானை வேகவைக்கவே தேவையில்லை. திரவ ஊடகத்தில் வளரும் பூசண இழை அதை வெளியே சுரக்கிறது. ஒரே மாதிரியான செய்முறை எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பதை இந்த மூன்று மருந்துகளின் வரலாறே காட்டுகிறது.

கொதிநீர் முறை: ஒவ்வொரு படியிலும் ஓர் இழப்பு

அடிப்படை முறை ஆண்டாண்டுக் காலமாக மாறவில்லை. காளானைக் குறைந்த வெப்பத்தில் உலர்த்திப் பொடியாக்கி, பத்து முதல் நாற்பது மடங்கு நீரில் 80 முதல் 100 டிகிரி செல்சியஸில் ஒன்று முதல் மூன்று மணி நேரம் வைத்து, சக்கையை நீக்கி, வடிநீரைச் சுண்டவைத்து, மூன்று அல்லது நான்கு பங்கு எத்தனால் சேர்த்துக் குளிரில் ஓர் இரவு விட்டால் வெண்மையோ பழுப்போ ஆன வீழ்படிவு அடியில் தங்கும். பிறகு புரதம் நீக்குதல், டயாலிசிஸ், உறைநிலை உலர்த்தல்.

முதல் தவறு பெரும்பாலும் நீரைத் தொடுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. பொடியை 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எத்தனாலில் முன்கூட்டியே ஊறவைத்துக் கழுவினால் கொழுப்பு, டிரைடெர்பீன்கள், பீனால்கள், கட்டற்ற சர்க்கரைகள் வெளியேறும். நேரம் மிச்சப்படுத்த இந்தப் படியை விட்டுவிட்டால், டிரஹலோஸின் ஒரு பகுதி வீழ்படிவில் சிக்கிப் பின்னர் சர்க்கரைச் சோதனையில் பாலிசாக்கரைடாகக் கணக்கேறும்.

எத்தனால் வீழ்படிவு எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. குளுக்கானோடு கிளைக்கோஜன், புரதம், நியூக்ளிக் அமிலம், கனிம உப்புகள் எல்லாம் சேர்ந்து இறங்கும். எத்தனாலை ஒரேயடியாக ஊற்றாமல் படிப்படியாகக் கூட்டினால் பெரிய மூலக்கூறுகள் முதலிலும் சிறியவை பின்னாலும் இறங்கும். கூடுதல் செலவில்லாத இந்த எளிய உத்தியைப் பயன்படுத்தும் ஆய்வகங்கள் குறைவு. காரணம், பின்னங்களைத் தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றின் விழுக்காடும் சிறிதாகத் தெரியும்.

புரதம் நீக்கக் குளோரோஃபார்மும் பியூட்டனாலும் கலந்து குலுக்கும் செவாக் முறை இன்றும் பரவலாக இருக்கிறது. ஒவ்வொரு முறை குலுக்கும்போதும் இடையடுக்கில் கொஞ்சம் பாலிசாக்கரைடும் போய்விடும். நச்சுக் கரைப்பானைக் கையாளும் தொல்லை தனி. புரதச் சிதைவு நொதியை முதலில் பயன்படுத்திவிட்டுச் செவாக் முறையை ஒன்றிரண்டு தடவையோடு நிறுத்துவது நல்லது. ஆனால் கிரெஸ்டின் போன்ற புரதப் பிணைப்புள்ள பொருளைத் தேடுபவர் இந்தப் படியை வெறியோடு செய்தால் தேடிய பொருளையே அழித்துவிடுவார். புரதம் மாசா, மருந்தின் பகுதியா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டுதான் குடுவையைக் கையில் எடுக்க வேண்டும்.

சிஹாராவின் குழு எத்தனாலோடு நிற்கவில்லை. நீண்ட ஹைட்ரோகார்பன் வால் கொண்ட ஓர் அம்மோனியம் காரத்தைச் சேர்த்து மீண்டும் வீழ்படியச் செய்து, அசிட்டிக் அமிலத்தால் பின்னங்களைப் பிரித்து, செவாக் முறையால் புரதத்தை நீக்கினார்கள். 200 கிலோ 31 கிராமாகச் சுருங்கியது இப்படித்தான். அந்தச் சுருக்கத்தை விளைச்சல் குறைபாடாகக் கருதினால் லெண்டினானின் வரலாறே புரியாமல் போகும்.

விரைவு உத்திகள்: வரவும் செலவும்

கொதிநீர் முறை மெதுவானது, எரிபொருள் தின்பது. அதனால் செல்சுவரை வேகமாக உடைக்கும் வழிகளைத் தேடுவதில் தவறில்லை. ஆனால் சுவரை உடைக்கும் விசை சங்கிலியையும் உடைக்கும் என்பதை மறக்கக் கூடாது.

மீயொலியை எடுத்துக்கொள்வோம். 20 கிலோஹெர்ட்ஸ் அளவிலான ஒலியலை நீரில் நுண்குமிழிகளை உண்டாக்கி நொறுக்குகிறது. அந்த நொறுங்கலின் வெட்டுவிசையில் செல்சுவர் கிழிந்து, மணிக்கணக்கில் நடப்பது நிமிடங்களில் முடிகிறது. அதே வெட்டுவிசை நீண்ட சங்கிலிகளைப் பெரும்பாலும் நடுப்பகுதியில் முறிக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை வேண்டுமென்றே பயன்படுத்தினார்கள்: ஊசிமருந்துக்கு ஒவ்வாத அளவுக்குப் பிசுபிசுத்த சைசோஃபில்லானை மீயொலியால் துண்டாக்கி மூலக்கூறு எடையைச் சில லட்சத்துக்குக் குறைத்தார்கள். முதுகுச் சங்கிலி குறுகியது. கிளைகளின் விகிதம் மாறவில்லை. அங்கே எவ்வளவு வெட்டுகிறோம் என்பதை அளந்து செய்தார்கள். பிரித்தெடுப்புக் கட்டுரைகளில் பலவற்றில் அந்த அளவீடு இல்லை. கருவியின் மேலே அச்சிட்ட வாட் எண்ணை மட்டும் எழுதிவிடுகிறார்கள். எத்தனை மில்லி கரைசலுக்கு உண்மையில் எவ்வளவு ஆற்றல் போனது என்பதைக் கரைசலின் வெப்ப உயர்வைக் கொண்டே கணக்கிடலாம். அது இல்லாமல் வேறொரு ஆய்வகம் அந்த முடிவைத் திரும்பப் பெறவே முடியாது.

நுண்ணலை நீர் மூலக்கூறுகளை நேரடியாகச் சூடேற்றுவதால் வேகம் கிடைக்கிறது. சிறு குடுவையில் நன்றாக வேலை செய்யும் இந்த முறை, அளவு பெருகும்போது சில இடம் கொதித்துச் சில இடம் ஆறிக் கிடக்கும் சிக்கலில் மாட்டிக்கொள்கிறது. திறந்த கலத்தா மூடிய கலத்தா, உள்வெப்பம் எவ்வளவு என்று எழுதாத நுண்ணலை ஆய்வுகளுக்குப் பயன் குறைவு.

நொதி முறை மென்மையானது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இதைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். காளான் பொடியில் செல்லுலேஸ், பெக்டினேஸ், பப்பெயின் மூன்றையும் கலந்து சேர்ப்பது வழக்கம். பப்பெயின் புரதத்தை வெட்டும், சரி. செல்லுலோஸும் பெக்டினும் இல்லாத சுவரில் முதல் இரண்டும் எதை வெட்டுகின்றன? கடைகளில் கிடைக்கும் செல்லுலேஸ் பெரும்பாலும் டிரைக்கோடெர்மா போன்ற பூசணங்களிலிருந்து வருகிறது. அதில் பீட்டா 1,3 குளுக்கனேஸ் துணைச் செயலாக ஒட்டிக்கொண்டு வரும். அதாவது, விளைச்சலைக் கூட்டும் நொதி எந்தக் குளுக்கானைத் தேடுகிறோமோ அதையே வெட்டித்தான் கூட்டுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. நொதிப் பொடிகளில் நிரப்பியாக மால்டோடெக்ஸ்ட்ரின் போன்ற மாவுச்சத்துப் பொருள்கள் சேர்க்கப்படுவதுண்டு. அதுவும் எத்தனாலில் வீழ்படியும், அதுவும் சர்க்கரையாக அளவிடப்படும். காளான் இல்லாமல் நொதியை மட்டும் வைத்து முழுச் செய்முறையையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் இந்தப் பொய் விளைச்சல் வெளிச்சத்துக்கு வரும்.

நீரில் கரையாத குளுக்கானுக்குக் காரம் தேவை. ஏறத்தாழ 4 விழுக்காடு சோடியம் ஹைட்ராக்சைடு சுவரின் உட்பகுதியைத் தளர்த்தும். ஆனால் காரம் சங்கிலியின் ஒடுக்கும் முனையிலிருந்து அலகலகாக உரிக்கத் தொடங்கும். சோடியம் போரோஹைட்ரைடு சேர்த்து அந்த முனையை முன்பே மூடிவிட வேண்டும். காரத்தின் செறிவு ஒரு வரம்பைத் தாண்டினால் மும்மைச் சுருளும் பிரிந்துவிடும். நடுநிலையாக்கினால் சுருள் ஓரளவு மீண்டும் கூடும். பழைய வடிவத்துக்கே திரும்பும் என்று சொல்வதற்கில்லை.

அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் திரவமாகவே வைக்கப்பட்ட நீர் இன்னொரு வழி. அறை வெப்பத்தில் 80 அளவில் இருக்கும் நீரின் மின்காப்பு மாறிலி 250 டிகிரியில் 30க்கும் கீழே இறங்கிவிடுகிறது. நீர் ஒரு கரிமக் கரைப்பானைப் போல நடந்துகொள்ளத் தொடங்குகிறது. வேதிப்பொருள் எதுவும் சேர்க்காமல் கரையாத குளுக்கானையும் கரைக்க முடிவது இதன் பெருமை. சூடு கூடக் கூட நீராற்பகுப்பும் சர்க்கரை பழுப்பேறுவதும் கூடும் என்பது இதன் எல்லை. எனவே சில நிமிடங்களில் முடித்து உடனே குளிரவைக்கும் கட்டுப்பாடு இருந்தால் மட்டுமே இது நல்ல முறை.

ஆக, எந்த உத்தியும் தன்னளவில் சிறந்ததோ தாழ்ந்ததோ அல்ல. உத்திக்கு முன்னும் பின்னும் மூலக்கூறு எடையை அளந்து காட்டிய ஆய்வுகளைக் கொண்டுதான் அவற்றை ஒப்பிட முடியும்.

உகப்பாக்கம் என்னும் சடங்கு

வெப்பநிலை, நேரம், நீரின் விகிதம் ஆகிய மூன்றையும் தனித்தனியே மாற்றிப் பார்ப்பதைவிடச் சேர்த்து மாற்றிப் பார்ப்பது அறிவுடைமை. பாக்ஸும் வில்சனும் 1951இல் முன்வைத்த துலங்கல் மேற்பரப்பு முறையும், 1960இல் வந்த பாக்ஸ்–பென்கென் வடிவமைப்பும் அதற்குத்தான். மூன்று காரணிகளுக்கு 15 அல்லது 17 சோதனைகள் போதும். கருவி நல்லது, அது பயன்படும் விதம்தான் சடங்காகிவிட்டது.

பெரும்பாலான கட்டுரைகளில் துலங்கலாக எடுத்துக்கொள்ளப்படுவது கச்சா விளைச்சல் ஒன்றே. கணினி அதை உச்சப்படுத்தும் புள்ளியைக் கண்டுபிடித்துத் தரும்: 91.4 டிகிரி, 2.13 மணி நேரம், 34.6 மடங்கு நீர் என்பது போன்ற எண்கள். தண்ணீர்த் தொட்டியின் வெப்பமே ஒரு டிகிரி மேலும் கீழும் ஆடும்போது பின்னத்தின் துல்லியத்துக்குப் பொருளில்லை. அதைவிட முக்கியம், கச்சா விளைச்சலை உச்சப்படுத்தச் சொன்னால் கணினி உண்மையாகவே அதைத்தான் செய்யும். புரதமும் கிளைக்கோஜனும் துண்டான சங்கிலிகளும் அதிகமாக வரும் நிலைமையைத் தேடிப் பிடித்துக் கொடுக்கும்.

இதற்கு மாற்று ஏற்கெனவே இருக்கிறது. பல துலங்கல்களை ஒரே சமயத்தில் எடைபோடும் விருப்பச் சார்பு முறையை டெரிஞ்சரும் சூயிச்சும் 1980இலேயே வகுத்துவிட்டார்கள். பீட்டா குளுக்கான் மீட்பு கூட வேண்டும், மூலக்கூறு எடை ஒரு வரம்புக்குக் கீழே இறங்கக் கூடாது, புரதம் குறைய வேண்டும் என்று மூன்று நிபந்தனைகளையும் அதில் வைக்கலாம். அப்போது கிடைக்கும் உகந்த புள்ளி பெரும்பாலும் குறைந்த விளைச்சல் உள்ளதாகவே இருக்கும். அதை அச்சிடும் துணிவு வேண்டும்.

அளக்கும் கண்ணாடியின் நிறம்

இத்துறையில் மிக அதிகமாகப் பயன்படும் அளவீடு பீனால்–கந்தக அமிலச் சோதனை. டுபுவா உள்ளிட்ட ஐவர் 1956இல் வெளியிட்டது. மலிவு, எளிது, 490 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் படித்தால் போதும். ஆனால் அந்தச் சோதனைக்கு எல்லாச் சர்க்கரையும் சர்க்கரையே. பீட்டா குளுக்கானும் மாவுச்சத்தும் டிரஹலோஸும் அதற்கு ஒன்றுதான். தவிர, குளுக்கோஸும் கேலக்டோஸும் ஒரே அளவில் ஒரே நிறத்தைத் தருவதில்லை; குளுக்கோஸை மட்டும் திட்டமாக வைத்து அளந்தால் கலப்புச் சர்க்கரைகள் உள்ள காளானில் விடை சாயும்.

மொத்தக் குளுக்கானை அமிலத்தால் சிதைத்து அளந்து, அதிலிருந்து நொதியால் சிதையும் ஆல்ஃபா குளுக்கானைக் கழித்தால் பீட்டா குளுக்கானின் அளவு கிடைக்கும். இதற்கான சோதனைத் தொகுப்புகள் விற்பனையில் உள்ளன. கழிக்கும்போது வரும் வேறுபாடு சில வேளை அதிர்ச்சி தரும், குறிப்பாகத் தானியத்தின்மேல் வளர்த்த பூசண இழையைத் தானியத்தோடு சேர்த்து அரைத்த பொடிகளில். அதில் பாலிசாக்கரைடு என்று கணக்கேறுவதில் பெரும்பங்கு தானியத்தின் மாவுச்சத்து.

சந்தையில் இந்த அளவீட்டுக் குழப்பம் என்ன செய்கிறது என்பதை 2017இல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் கானோடெர்மா லூசிடம் என்ற மருந்துக் காளானாக விற்ற 19 தயாரிப்புகளைச் சோதித்ததில் ஐந்து மட்டுமே பெயர்ச்சீட்டுக்கு உண்மையாக இருந்தன. பாலிசாக்கரைடு பகுப்பாய்வில் சிலவற்றில் மாவுச்சத்துச் சாயல் தெரிந்தது. வெறும் மொத்தச் சர்க்கரைச் சோதனையில் இந்த வேறுபாடு வெளிப்பட்டிருக்காது. தமிழ்நாட்டில் உணவு மேசைக்கே வந்துவிட்ட கானோடெர்மா காபிப் பொடிகளையும் மாத்திரைகளையும் வாங்குவோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

செயல் யாருடையது?

பிரித்தெடுத்த பொருளை மேக்ரோபேஜ் செல்களில் இட்டு, நோயெதிர்ப்புச் சமிக்ஞைகள் கூடியதாகக் காட்டுவது அடுத்த படி. இங்கே ஒளிந்திருக்கும் எதிரி எண்டோடாக்சின் என்ற அகநச்சு. கிராம் எதிர் பாக்டீரியாவின் வெளிச்சுவரிலிருந்து வரும் இந்தப் பொருள் நீரிலும் காளானிலும் கண்ணாடிக் கலன்களிலும் இருக்கும். கொதிக்கும் நீரில் அழியாது. எத்தனாலில் பாலிசாக்கரைடோடு சேர்ந்து இறங்கும். செல்சோதனைகளில் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் பாலிசாக்கரைடு சேர்ப்பது வழக்கம். அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அகநச்சு கலந்திருந்தால் 10 நானோகிராம் ஆகிறது. மேக்ரோபேஜைத் தூண்ட அது தாராளம்.

சோதித்துப் பார்க்கலாமே என்றால் அதிலும் ஒரு கண்ணி. குதிரை லாட நண்டின் இரத்தத்திலிருந்து செய்யப்படும் வழக்கமான அகநச்சுச் சோதனை, பீட்டா 1,3 குளுக்கானுக்கும் வேறொரு காரணி வழியாக உறையும். காளான் சாற்றைச் சோதித்தால் குளுக்கானே நச்சு போலத் தெரியும். குளுக்கான் வழியைத் தடுத்த அல்லது அகநச்சுக்கு மட்டும் வினைபுரியும் காரணியைப் பயன்படுத்தும் சோதனையே இங்கு செல்லும். செல்சோதனையில் அகநச்சைப் பிணைக்கும் பாலிமிக்சின் பி சேர்த்தும் சேர்க்காமலும் ஒப்பிடுவது இன்னொரு காவல். இவை இல்லாத நோயெதிர்ப்பு முடிவுகளைக் காளானின் கணக்கில் எழுத முடியாது.

சக்கையில் போவது என்ன?

டெக்டின்–1 பீட்டா குளுக்கானை அடையாளம் காணும் ஏற்பி என்பதை 2001இல் ஆக்ஸ்ஃபோர்டில் கார்டன் பிரவுனும் சைமன் கார்டனும் கண்டறிந்தார்கள். பத்தாண்டு கழித்து நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு நிலைமையைச் சிக்கலாக்கியது: டெக்டின்–1 கரைந்த குளுக்கானோடும் பிணையும், ஆனால் துகள் வடிவில் இருக்கும் குளுக்கான்தான் செல்லைச் செயல்படத் தூண்டுகிறது. கரைந்ததை எடுத்துக்கொண்டு சக்கையை எறியும் முழு மரபுக்கும் இது ஒரு கேள்வி.

கரைந்த லெண்டினான் ஊசி வழியே வேறு பாதைகளில் செயல்படலாம். அதை இந்த முடிவு மறுக்கவில்லை. ஆனால் வாய்வழி உண்ணும் பொருள்களுக்குக் கரைதிறனே தரம் என்று கருத வேண்டியதில்லை. சிப்பிக் காளானிலிருந்து சுலோவாக்கியாவில் பிரிக்கப்பட்டு 1994இல் விவரிக்கப்பட்ட பிளூரான் காரத்திலும் கரையாத குளுக்கான். மற்ற எல்லாம் கரைந்து போனபின் எஞ்சுவதே அங்கே விளைபொருள். வேறு ஆய்வகங்களில் சக்கையாகக் குப்பைக்குப் போவது அங்கே புட்டிக்குள் போகிறது.

மனிதர்களிடம் பயன் எவ்வளவு என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தது. கானோடெர்மா குறித்த காக்ரேன் மதிப்பாய்வு ஐந்து சோதனைகளை மட்டுமே கணக்கில் கொள்ள முடிந்தது. புற்றுநோய்க்கு முதன்மைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று முடித்தது. தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும் சாறுகளை வைத்து நடத்தும் சோதனைகள் ஒன்றையொன்று வலுப்படுத்த இயலாது. மருத்துவச் சான்றின் பலவீனத்தில் ஒரு பகுதிக்குப் பிரித்தெடுக்கும் மேசையும் பொறுப்பு.

மூலப்பொருளும் நம் மண்ணும்

நல்ல முறையும் தவறான காளானில் வீணாகும். கிழக்காசியாவில் மருந்தாகப் பயன்படும் லிங்ழியைக் கானோடெர்மா லூசிடம் என்றே நெடுங்காலம் எழுதினார்கள். அது தனி இனம் என்று 2012இல் கானோடெர்மா லிங்ழி என்ற பெயர் சூட்டப்பட்டது. பழைய கட்டுரைகளில் பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றா என்பது ஐயம். தமிழ்நாட்டில் தென்னை விவசாயிகள் கானோடெர்மாவை வேறு முகத்தில் அறிவார்கள்: தென்னையின் அடித்தண்டை அழுகவைக்கும் தஞ்சாவூர் வாடல் நோய்க்குக் காரணம் இந்தப் பேரினம்தான். பட்டுப்போன தென்னையடியில் முளைத்ததைப் பறித்து மருந்துக் காளான் என்று ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தால், டிஎன்ஏ வரிசையால் இனத்தை உறுதிசெய்யாமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

நமக்கு இன்னும் நெருக்கமான மூலப்பொருள்கள் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் வெளியிட்ட ஏபிகே 2 பால் காளான் நம் வெயிலுக்குத் தாங்கும் வகை. சிப்பிக் காளான் வைக்கோல் படுக்கையில் ஊரெங்கும் வளர்கிறது. மேற்கு வங்கத்தின் வித்யாசாகர் பல்கலைக்கழகம் பால் காளான் உள்ளிட்ட உண்ணும் காளான்களின் குளுக்கான்களைப் பிரித்து அவற்றின் அமைப்பைத் தொடர்ந்து பதிவு செய்திருக்கிறது. சிப்பிக் காளானின் தண்டை ஒதுக்கிவிட்டுத் தொப்பியைச் சமைப்பது வழக்கம். குளுக்கான் எடுக்கத் தண்டு நல்ல மூலம் என்று செக் நாட்டு ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். கழிவாகும் தண்டில் தொடங்குவது, விலையுயர்ந்த லிங்ழியைத் தேடிப்போவதைவிட நம் கல்லூரி ஆய்வகங்களுக்குப் பொருத்தம்.

விழுக்காட்டுக்கு மாற்றாக

இதுவரை பார்த்தவற்றிலிருந்து நான் முன்வைக்கும் கோரிக்கை ஒன்றுதான்: கச்சா விளைச்சலை முதன்மை எண்ணாக அச்சிடுவதை நிறுத்தி, அதன் இடத்தில் நிறைக் கணக்கை வைக்க வேண்டும். தொடக்கப் பொடியில் இருந்த பீட்டா குளுக்கான் எவ்வளவு, சாற்றில் வந்தது எவ்வளவு, சக்கையில் தங்கியது எவ்வளவு, இரண்டிலும் சேராமல் காணாமல் போனது எவ்வளவு? காணாமல் போன பங்கு பெரிதாக இருந்தால் முறை மூலக்கூறைச் சிதைக்கிறது என்று பொருள். சாற்றின் அளவு தொடக்க அளவைவிடக் கூடினால் அளவீடு பொய் சொல்கிறது என்று பொருள். ஒற்றை விழுக்காடு இந்த இரண்டு பிழைகளையும் வெற்றியாகவே காட்டும்.

இதற்குப் பெரிய கருவிகள் வேண்டும் என்ற சாக்கு செல்லாது. ஒளிச்சிதறலோடு மூலக்கூறு எடை அளக்கும் கருவியும் காந்த அதிர்வு நிறமாலையும் இருந்தால் நல்லதே. இல்லாத இடத்தில் வேதியியல் துறையின் அலமாரியில் கிடக்கும் ஆஸ்வால்டு பாகுமானி சங்கிலி முறிவதைக் காட்டிக்கொடுக்கும்: மீயொலி நேரம் கூடக் கூட ஒரே செறிவில் பாகுநிலை சரிந்தால் சங்கிலிகள் உடைகின்றன. சாதாரண நிறமாலைமானியில் காங்கோ சிவப்புச் சாயத்தின் உச்சம் நகர்வதைப் பார்த்துச் சுருள் நிலையை ஊகிக்கலாம். ஒரு சொட்டு அயோடின் மாவுச்சத்தை நீலமாகக் காட்டும். காளான் சேராத நொதிச் சோதனைக்கு ஒரு குடுவை போதும். எண்டோடாக்சினுக்குரிய சரியான சோதனையை வெளியே அனுப்பிச் செய்துகொள்ளலாம்.

நிறைக் கணக்கும் இந்த ஐந்து சோதனைகளும் இல்லாமல் வரும் கட்டுரையை, அதன் விளைச்சல் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், ஆய்விதழ் ஆசிரியர்களும் ஆராய்ச்சி நெறியாளர்களும் திருப்பி அனுப்பத் தொடங்க வேண்டும். 0.16 விழுக்காடு ஒரு மருந்தைத் தந்தது. அந்தச் சிறிய எண்ணுக்குப் பின்னால் இருந்த கண்டிப்பைப் பின்பற்றுவதே இப்போது நம் ஆய்வகங்கள் செய்யக்கூடிய மேம்பாடு.